கேட்டு நடந்த பாதை

மார்ச் 12, புதன்

மணிப் பயிற்சி நாள். தேவாலயத்தின் ஆறு மணிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன, பாத்திரக்கடைக்குள் ஆடு புகுந்தது போல. அப்போது நான் வேலையில், பராமரிப்புக்குப் போகும் வீட்டில் திருமதி ஆஸ்க்யூவைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு மணிக்குக் குரல் குடுக்குறது யாரு? உங்கப்பன் இல்லையா?" என்றார். அந்த அம்மாளுக்குக் கண் போய்விட்டது, முழங்கால் போய்விட்டது, காது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அப்பா இல்லை. அப்பா கீழ்முனையில் எங்கள் வீட்டில், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஜன்னல் வழியாக அந்த அலங்கோலத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் கயிறு இழுக்க முடியாது. ஆனால் எந்த மணி எதன் பின்னால் அடிக்க வேண்டும் என்று குரல் கொடுக்கக் கை எதற்கு? குரல் அப்படியே இருக்கிறது. மணிக்கூண்டுக்குப் போக வழிதான் இல்லை.

வழி என்றால் பெரிய வீட்டு முற்றம் வழியாகப் போகும் வண்டித்தடம். அப்பாவின் நாலு சக்கர நடைவண்டி உருளும் அளவுக்குச் சமமான ஒரே தடம். மூன்று வருடம் முன்பு அந்த வீட்டின் புது முதலாளி ஹெஸ்கெத் அதன் குறுக்கே கதவு போட்டுப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டைத் திறக்கிறார். தயவு! மற்ற நாட்களில் தார்ச்சாலையைச் சுற்ற வேண்டும். இரு பக்கமும் ஆளை மறைக்கும் வேலிக்கரை. பால் லாரி வந்தால் ஒதுங்க ஒரு முழம் கிடையாது.

அது ஊர் வழிதான் என்று அறிவிக்கக் கேட்டு ஊர்மன்றம் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டது. மூன்று வருடமாக அங்கே தூங்குகிறது.

மார்ச் 15, சனி

பிரிஸ்டல் மருத்துவமனையிலிருந்து பதில். தாதிப் பயிற்சிக்கு இடம் தருகிறார்கள். செப்டம்பரில் சேரலாம், அல்லது ஜனவரியில்.

அப்பாவிடம் சொன்னேன். "போயேன். நான் என்ன தொட்டில் குழந்தையா?" என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டார், தண்ணீர் ஊற்றாமல்.

நான் போய்விட்டால் திங்களிலிருந்து சனிவரை அவர் அந்த நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை ஹெஸ்கெத்தின் தயவு. இப்படி ஒருவரை உட்கார வைத்துவிட்டு நான் யாருக்குத் தாதி வேலை பார்ப்பேன்?

மார்ச் 19, புதன்

மணியடிக்கிற பையன்கள் மறுபடியும் காரில் கூட்டிப்போக வந்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். முன்பு இரண்டு தடவை போனார். "பார்சல் மாதிரி ஏத்துறான், பார்சல் மாதிரி இறக்குறான். எப்ப திரும்பணும்னு அவன் சொல்றான். எனக்குக் கால் இருக்கு" என்றார்.

கால் இருக்கிறது. அது உண்மை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வழிபாடு முடிந்து சிக்ஸ் பெல்ஸ் மதுக்கடையில் அரைக் கிளாஸ். ஞாயிறு என்பதால் அப்பா நடந்தே வந்தார். வந்தால் ஒரே கதைதான்: மேஜரும் அவரும். மேஜர் கார்ஸ்வெல் பெரிய வீட்டின் பழைய முதலாளி, ஐந்து வருடம் முன்பு செத்துப்போனார். அப்பா அவரிடம் வேலை செய்ததில்லை. அப்பா கூம்ப் பண்ணையில் மாடு கறந்தவர். ஆனால் முப்பது வருடம் தினமும் விடியற்காலையில் அந்த முற்றம் வழியாகத்தான் போனார். மேஜர் நாயோடு அங்கே நிற்பாராம்.

"மேஜருக்கும் எனக்கும் நல்ல புரிதல். அவரு ஜென்டில்மேன். இப்ப இருக்குதுங்களே..." என்று ஆரம்பித்தார். மதுக்கடைக்காரர் கோலின் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் டெஸ், உன்னைக் கேக்காம மேஜர் மூக்குகூடச் சிந்தமாட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

எனக்கு மேஜரைத் தெரியும். சிறு வயதில் தேவாலயத்தின் முன்வரிசையில் அவருடைய பிடரியைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மாவட்ட அலுவலகம் விழித்துக்கொண்டது. செப்டம்பர் 16, ஊர்க்கூடத்தில் விசாரணை. பிரிஸ்டலுக்கு ஜனவரி என்று எழுதிவிட்டேன்.

மே 25, ஞாயிறு

எங்கள் தேவாலயப் பங்கின் எல்லையை ஊரே நடந்து சுற்றும் நாள். ஐந்து ஊர்களுக்கும் சேர்த்து ஒரே பாதிரியம்மா, ரெவரெண்ட் பிலிப்பா. மேல் அங்கிக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் போனார். பிள்ளைகள் வில்லோ குச்சியால் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் அடித்தார்கள். ஊருக்குப் புதியவரைத் தூக்கிக் கல்லில் இடிப்பது வழக்கம். போன வருடம் புதுத் தபால்காரரை இடித்தார்கள், பாவம், ஒரு வாரம் நொண்டினார். ஹெஸ்கெத் வந்து நாலு வருடமாகிறது. அவரை இடிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெரிய வீட்டுக் கதவருகே அவர் மேசை போட்டிருந்தார். ஆப்பிள் சைடர், எலுமிச்சை கேக், வெள்ளைத் துணி. கதவைத் தன் கையாலேயே திறந்து பிடித்துக்கொண்டார். ஊரே வரிசையில் நின்று நன்றி சொன்னது. தன் பாட்டன் நடந்த தடத்தில் கால் வைக்க நன்றி! ஊர்மன்றத் தலைவி நோரீன் பிட்டன் அவர்மேல் வழக்குப் போட்டவர். அவரும் ஹெஸ்கெத்தை முதற்பெயர் சொல்லி, "ரொம்ப நல்ல கேக், கிரிஸ்பின்" என்றார். வேறு எங்காவது இப்படி ஒரு ஜனம் உண்டா? வீட்டைக் கொளுத்தியவன் தீப்பெட்டியை நீட்டினாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வாங்கும்.

அந்தக் கடைசித் தடத்துக்கு மட்டும் அப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். ஹெஸ்கெத் அவரிடம் குனிந்து, "மேஜர் காலத்துலயும் இந்த மாதிரி நடந்துச்சா டெஸ்?" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். கையில் சைடர். "மேஜர் காலத்துல கேக்காம ஒரு காலடி வெச்சதில்ல சார் நான். தினம் காலைல, 'வழியா போகலாமா சார்?'னு தொப்பியைத் தொட்டுக் கேட்டுட்டுத்தான் போவேன். மரியாதைன்னா அது."

"தினமுமா?"

"ஒருநாள் தவறினதில்ல."

ஹெஸ்கெத் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். "அருமை. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கோங்க டெஸ்."

நோரீனின் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மே 27, செவ்வாய்

புரிந்துவிட்டது. நோரீன் வீட்டுக்கு வந்து, அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து, சமையலறையில் நின்றுகொண்டே சொன்னார்.

"கேக்காம, ஒளியாம, வேலியை ஒடைக்காம இருபது வருஷம் நடந்தா அது ஊரோட வழி. அனுமதி வாங்கி நடந்தா அது அவரோட தயவு. சட்டம் அவ்ளோதான் பிரையனி."

"அப்பா சும்மா மரியாதைக்குக் கேட்டாரு."

"எனக்குத் தெரியாதா? ஆனா ஹெஸ்கெத்தோட வக்கீலுக்குத் தெரியணுமே. உங்கப்பாதான் நம்ம பெரிய சாட்சி. தினம் நடந்தவங்கள்ல வேற யாரு மிச்சம் இருக்காங்க, சொல்லு?"

யாரும் இல்லை. கீழ்முனைக்கு மேலே இருந்த தொழிலாளர் வீடுகள் எல்லாம் இப்போது வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போகிறவர்களுடையவை. அந்த வீடுகளின் சாவிகள் என்னிடம்தான் இருக்கின்றன, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற.

ஆக, திமிராக நடந்தவனுக்கு வழி உண்டு. தொப்பியைத் தொட்டவனுக்குக் கிடையாது. சட்டத்தை எழுதியது யார்? நூறு தலைமுறையாக எங்களைத் தொப்பியைத் தொட வைத்தவர்கள்தானே!

ஜூன் 8, ஞாயிறு

சண்டை.

"கேட்டியான்னு வக்கீல் கேட்டா, இல்லன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை."

"கேட்டேனே."

"யாரு பார்த்தா? மேஜர் எழுந்து வந்து சொல்லப்போறாரா?"

"நான் பார்த்தேன்ல."

அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. ஆயுசு முழுக்க எவனெவனையோ சார் சார்னு கும்பிட்டே, இப்ப அந்தக் கும்பிடே உன்னை வீட்டுக்குள்ள பூட்டிடுச்சு, என்னையும் சேத்துப் பூட்டிடுச்சுன்னு கத்தினேன். அப்பா நடைவண்டியை ஜன்னல் பக்கம் திருப்பினார். "மேஜர் அப்படிப்பட்டவரு இல்ல" என்றார். குரல் என்னிடம் சொல்வது போல இல்லை.

ஜூன் 11, புதன்

மணிகள். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

ஜூலை 19, சனி

வார இறுதி வீடு ஒன்றில் பூச்செடி காய்ந்துவிட்டதாம். புகார். அதே தெருவில் திருமதி ஆஸ்க்யூ ஆறு நாளாக என்னைத் தவிர ஒரு மனித முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் புகார் செய்ய ஆளில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ரெவரெண்ட் பிலிப்பா வழிபாட்டுக்குப் பிறகு என்னைத் தனியே பிடித்தார். அவர் சமாதானமாக ஏதாவது சொல்வார், திட்டலாம் என்று காத்திருந்தேன். "உங்கப்பாவைப் பொய் சொல்லச் சொல்லாதே பிரையனி" என்றார். "பாவமா?" என்றேன். "அதில்ல. அவருக்குப் பொய் சொல்லவே வராது. போன வருஷம் என் பிரசங்கம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன், சொல்லிட்டாரு."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கோபம் வந்தது, அதுவும் சிரித்ததற்குத்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், நாளைக்கு இது வேறு மாதிரி ஆகிவிடும்.

ஊர்க்கூடம் நிரம்பி வழிந்தது. விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். கம்பளிச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, பக்கத்தில் இருமல் மிட்டாய். ஹெஸ்கெத் முன்வரிசையில், எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார். அப்பா கல்யாணக் கோட்டு போட்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

அப்பாவை விசாரித்த ஹெஸ்கெத்தின் வக்கீல் மிகவும் மரியாதையானவர். கடித்திருந்தால்கூடத் தேவலை.

"திரு. ஹாலெட், நீங்க உண்மையான மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த முற்றம் வழியா போறதுக்கு முன்னாடி மேஜர்கிட்ட அனுமதி கேட்டதுண்டா?"

"கேட்டேன் சார்."

"எப்பவாவதா?"

"அவரு நின்னா கேப்பேன். தினம் நிப்பாரு. தினம் கேப்பேன்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு போனது. நோரீன் பேனாவை மூடினார். வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றியது.

அதிகாரி அம்மாள் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "அவர் என்ன பதில் சொல்வார்?"

அப்பா மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"திரு. ஹாலெட்? போகலாமான்னு கேட்டீங்க. மேஜர் என்ன சொல்வார்?"

அப்பா தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கோலினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில், கையைத் தூக்கச் சொல்லி அது தூக்க வராதபோது.

"ஒண்ணும் சொல்லமாட்டாரும்மா."

"தலையசைப்பாரா?"

"தலை நாய்ப்பக்கம் இருக்கும்."

"கையைக் காட்டுவாரா? ஏதாவது ஒரு சைகை?"

"இல்லம்மா. முதல்ல ஜூனோன்னு ஒரு நாய். அது போனப்புறம் டாஃபி. அப்புறம் பிரிக். அதுங்ககிட்டதான் பேசுவாரு. மூணு பேரும் எனக்குத் தெரியும். என் பேரு அவருக்குத் தெரியுமான்னு... அது எனக்குத் தெரியாது."

வக்கீல் எழுந்தார். "முப்பது வருஷத்துல ஒரு வார்த்தைகூடவா பேசலை?"

"ஒரு தடவை சொன்னாரு சார். மழை வரும்போல இருக்குன்னாரு. என்கிட்ட சொன்னாரா பிரிக்குகிட்ட சொன்னாரான்னு இப்ப வரைக்கும் யோசிக்கிறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். உடனே நின்றுவிட்டது.

"பதிலே வராதுன்னா எதுக்குத் தினமும் கேட்டீங்க?"

"எங்கம்மா அப்படி வளத்தாங்க."

"பதில் வராம எப்படி உள்ளே போனீங்க?"

அப்பா அவரை வியப்போடு பார்த்தார். "மாடு காத்திருக்கு சார். நான் அங்கயே நின்னா பால் கட்டிக்குமே."

அந்த அம்மாள் எழுதினார். நிறைய நேரம் எழுதினார். பிறகு அப்பாவிடம், "நன்றி, திரு. ஹாலெட்" என்றார், அந்தப் பெயரை முழுதாக, மெதுவாக.

செப்டம்பர் 17, புதன்

நேற்று வெளியே வந்ததும் நோரீன் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "பதில் சொல்லலன்னா அனுமதி தரலன்னு அர்த்தம் டெஸ்! தரவே இல்ல! புரியுதா?" அப்பா அவருக்கும் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். கோட்டைக் கழற்ற உதவினேன். கை கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது, அப்போது சொன்னார்: "இப்ப ஊருக்கே தெரியும்."

"என்னப்பா?"

"அந்தாளு என்னைக் கண்டுக்கவே இல்லைன்னு."

கோட்டைத் தொங்கவிட்டேன், டீ போட்டேன். வேறென்ன செய்ய?

இத்தனை வருடம் மதுக்கடையில் சொன்ன கதையெல்லாம் பொய் என்று நினைத்து எழுதப் போனேன். பொய் இல்லை. அப்பாவுக்குப் பொய் வராது. தினமும் கேட்டார், தினமும் போனார். நடுவில் இருந்த அந்த ஓட்டையை அவரே நிரப்பிக்கொண்டார். அதை நேற்று அத்தனை பேர் முன்னால் தானே தோண்டி எடுத்தார். நான் கேட்டது ஒரு பொய். அவர் கொடுத்த உண்மை அதைவிடப் பெரியது.

மேஜர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை வைக்க இடம் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்தான் எல்லாவற்றிலும் உயரம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதுக்கடையில் அப்பா மேஜரைப் பற்றி எதுவும் பேசவில்லை. கோலின் கேலியும் செய்யவில்லை. கேட்காமலே அரைக் கிளாஸுக்குப் பதில் முழுக் கிளாஸ் வைத்தார். அப்பா, "நான் அரைதானே கேட்டேன்?" என்றார். "தெரியும், வாயை மூடிட்டுக் குடி" என்றார் கோலின்.

அக்டோபர் 29, புதன்

பயிற்சி மணிகள் இன்னும் மோசம். அப்பா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, "மூணு, நாலுக்குப் பின்னாடி போடா! நாலுக்குப் பின்னாடி!" என்று இருட்டைப் பார்த்துத் திட்டுகிறார். நல்ல அறிகுறி.

நவம்பர் 21, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. அது ஊர் வழி. எல்லா நாளும், எல்லோருக்கும். அனுமதி கேட்கப்பட்டது, அனுமதி ஒருபோதும் தரப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சட்டத்துக்கு அது ஒரு வரி.

அப்பா கண்ணாடி போட்டு அந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

நவம்பர் 26, புதன்

வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, மணிப் பயிற்சிக்குக் கிளம்பிய அப்பாவுடன் போனேன். துணைக்கு இல்லை, பார்க்க.

பூட்டு இல்லை. ஹெஸ்கெத் முற்றத்தில், காரிலிருந்து ஏதோ பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அப்பா கதவருகே நின்றார். வலது கை தொப்பிக்குப் போனது. தொப்பியைத் தொட்டார், விளிம்பைச் சரிசெய்தார், அவ்வளவுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"குட் ஈவினிங் டெஸ்" என்றார் ஹெஸ்கெத். இவன் பதில் சொல்கிறவன், கேட்காவிட்டாலும்.

"குட் ஈவினிங். கதவைச் சாத்திட்டுத்தான் போறேன், கவலைப்படாதீங்க" என்றார் அப்பா.

நான் சாத்தினேன்.

ஜனவரி 3, சனி

இரண்டு பெட்டி, ஒரு கெட்டில். சாவிகளை நோரீனிடம் கொடுத்துவிட்டேன். திருமதி ஆஸ்க்யூ என் கையை விடவில்லை. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

பிரிஸ்டல். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. அறைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. விழுந்து கிடக்கிறாரோ? நோரீனைக் கூப்பிடலாமா, கோலினையா? ஒரு கை கோட்டுக்குள் போய்விட்டது, அந்நேரத்துக்கு எந்த ரயில் என்றுகூட யோசித்துவிட்டேன்.

பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது, மணிப் பயிற்சி நாள். கோட்டைக் கழற்றிவிட்டு டீ போட்டேன்.